புகை மணக்கும் மது

ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கப்பட்ட விஸ்கியை நாம் முதன்முதல் வாயில் வைத்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையின் மருந்து நெடியே நாசியில் ஏறிற்று. விருந்தளித்த நண்பர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை. காசு கொடுத்து இதனைப் பழகிக்கொள்ளத்தான் வேண்டுமா?

அந்நெடி வந்த வழியை அறிந்தபின் வெறுப்புச் சற்றுத் தணிந்தது. முளைவிட்ட பார்லியை உலர்த்துவதற்கு, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த ‘பீற்’ கட்டிகளை எரிக்கின்றனர். புகையிலுள்ள பினோல்கள் தானியத்திற் படிந்து, வடித்த பின்னரும் நீங்காதிருக்கின்றன. ஸ்கொட்லாந்திலேயே ஓக் மரப் பீப்பாவில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்தாலன்றி அதற்கு ஸ்கொட்ச் என்னும் பெயரைச் சட்டம் அனுமதியாது. ஆண்டுதோறும் சுமார் 2 வீதம் ஆவியாகிவிடும். அதனைத் ‘தேவதூதரின் பங்கு’ என்பர். (வரி அதிகாரிகளின் பங்கு இதனினும் பெரிது.)

சிறிது நீர் சேர்த்தால் மணம் விரியும். புகைமணந்தரும் குவையாக்கோல் மூலக்கூறுகள் அப்போது மேற்பரப்பை நாடுகின்றன என்று 2017இல் சுவீடன் ஆய்வாளர் இருவர் கணினிவழி காட்டினர். ஆக, இது நாசியால் அருந்தும் பானம், அவசரத்துக்கு ஆகாதது.

ஊர்ச்செய்தி வராத இரவுகளைக் கடத்தவென, குளிரறையில் தனித்திருந்து போத்தலைக் கவிழ்க்கும் எம் இளைஞர் பழகிக்கொள்வது இச்சுவையை அன்று. மலிவான எதுவும் அவர்க்கு அவ்வேலையைச் செய்யும். நாக்கு அங்கே விழித்திருப்பதில்லை.

எம்மைக் கேட்டால், பழகத்தக்க சுவைதான். அன்றிரவு நண்பர் மீண்டும் ஊற்ற வந்தபோது நாம் கைகாட்டி மறித்தோம். முதற்கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது.