பழைய கணினியும் விதைத் தானியமும்



நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் கொல்லிமலை நம்மை வரவேற்கிறது. வல்வில் ஓரியின் பெயரால் புகழ்பெற்ற மலை அது. மிளகும் காப்பியும் பலாவும் விளையும் பூமி. அம்மலையின் சோளக்காட்டில் மிளகு வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அண்மையில் ஒருநாள் அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"அஸ்ரத்! மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வீட்டிலிருக்கும் சின்ன லேப்டாப் இனி உதவாது என்கிறாள். பழையதைக் கொடுத்தால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கழித்துக்கொண்டு புதியது தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். நீங்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் நிம்மதியாக இருக்கும்" என்றார்.

சென்றேன். மேசை மீது அந்தச் சிறு கணினி இருந்தது. 2010ஆம் ஆண்டு வாங்கியது. பத்து அங்குலத் திரை; ஒரு ஜி.பி. நினைவகம். சார்ஜர் கம்பியில் கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது. பேட்டரி செத்துப் பல காலமாகிவிட்டதால், மின்சாரம் போன மறுகணமே கணினியும் அணைந்துவிடுமாம். மழைக்காலத்தில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்பது மலையில் வாழ்பவர்களுக்குத் தெரியும்.

"அஸ்ரத், இதில் கல்லூரிப் பாட வீடியோ ஓடவே மாட்டேனென்கிறது. பிரௌசரைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது" என்றாள் மகள்.

"இதற்குள் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

நண்பர் சற்று யோசித்தார். "மிளகுக் கணக்கு இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், எத்தனை கிலோ வந்தது, பாக்கி எவ்வளவு என்று இத்தனை ஆண்டுகளாக இதில்தான் எழுதி வருகிறேன்" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "நன்னி பேசிய பேச்சும் அதில்தானே இருக்கிறது?" என்று குரல் கொடுத்தார். நண்பரின் தாயார் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. குடும்பத்தின் பழைய கதைகளை அவர் சொல்லச் சொல்லப் பேரன் ஒருவன் கைப்பேசியில் பதிவு செய்து, இந்தக் கணினியில் போட்டு வைத்திருந்தான்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் கைமாறவிருந்தது வெறும் இயந்திரமா? சிந்தித்துப் பாருங்கள்!

நான் செய்த தவறு

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படியே ஒரு பழைய கணினியைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கினேன். என் ஆசிரியப் பெருந்தகை நடத்திய பாடங்களின் குறிப்புகளை அதில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். கொடுப்பதற்கு முன் 'டாகுமெண்ட்ஸ்' என்ற பகுதியை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, எல்லாம் வந்துவிட்டது என்று நம்பினேன். குறிப்புகளில் பாதிக்கு மேல் 'டி டிரைவ்' என்ற வேறு பகுதியில் இருந்தது, வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. கடைக்கு ஓடினேன். கணினியைச் சுத்தமாக அழித்து வேறொருவருக்கு விற்றுவிட்டதாகக் கூறினார்கள். குற்றம் என்னுடையது, யாரை நோவது? ஆசிரியரும் இப்போது இல்லை. அவர் சொன்ன விளக்கங்களை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

சிறு கணினிகள் வந்த கதை

2007ஆம் ஆண்டு தைவான் நாட்டின் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பி.சி.' என்ற ஏழு அங்குலக் கணினியை வெளியிட்டது. லினக்ஸ் இயங்குதளமும் நான்கு ஜி.பி. சேமிப்பும் கொண்ட அந்தச் சிறு கருவி, விலை குறைவாக இருந்ததால் உலகெங்கும் விற்றது. மறு ஆண்டு இன்டெல் நிறுவனத்தின் 'ஆட்டம்' என்ற சிக்கனமான செயலி வந்தது. அதைத் தொடர்ந்து பல நிறுவனங்களும் ஒன்பது, பத்து அங்குலக் கணினிகளைச் சந்தையில் குவித்தன. 'நெட்புக்' என்பது அவற்றின் பெயர். 2010இல் ஐபேட் வந்தது, கைப்பேசிகளும் பெரிதாகின. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் நெட்புக்குகளின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

தமிழகத்தில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஏராளமான ஏழை எளிய குடும்பங்களுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே. அக்காலத்துக் கணினிகள் இன்றும் பல வீடுகளில் அலமாரியின் மேல் உறங்குகின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

புதியது வந்துவிட்டது என்பதற்காக மாற்றுவது வீண்விரயம். வேலை நடக்கவில்லை என்பதற்காக மாற்றுவது தேவை. இரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

நண்பரின் கணினியில் இருந்தது 32 பிட் வகைச் செயலி. இன்றைய விண்டோஸ் 11, 64 பிட் செயலியில் மட்டுமே இயங்கும். குறைந்தது நான்கு ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் கேட்கும். அவர் கணினியிலிருந்த விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றுபோனது. திருத்தம் வராத கணினியை இணையத்தில் இணைத்து வங்கிக் கணக்கைப் பார்ப்பது, தாழ்ப்பாளில்லாத கதவுக்குப் பின்னால் பணப்பெட்டியை வைப்பது போலாகும். எனவே, மகளின் படிப்புக்குப் புதியது தேவைதான் என்று சொன்னேன்.

ஆனால் ஒன்று. உங்கள் கணினி 64 பிட் செயலி உடையதாகவும், மெதுவாக ஓடுவது மட்டுமே குறையாகவும் இருந்தால் அவசரப்படாதீர்கள். சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தையும் கூட்டினால் பல கணினிகள் மறுபிறவி எடுக்கும். புதியதன் விலையில் ஒரு சிறு பகுதியே செலவாகும். ஆயினும், உங்கள் மாதிரியில் அவற்றை மாற்ற இடமுண்டா என்பதைப் பழுது பார்ப்பவரிடம் முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

மலை தரும் பாடம்

பேச்சின் நடுவே நண்பர் வெளியே சரிவைக் காட்டினார். மரவள்ளி நட்டிருந்தார்கள். "ஒரு காலத்தில் இங்கே எல்லாம் சாமையும் தினையும் கேழ்வரகும்தான்" என்றார்.

உண்மை. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு வேண்டியிருந்தது. கையில் காசு வந்ததால் மலைமக்கள் அதற்கு மாறினார்கள். அதனை யாரும் குறை கூற முடியாது. ஆனால் சிறுதானியங்களின் பரப்புச் சுருங்கச் சுருங்க, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த பாரம்பரிய வகைகளும் மறையத் தொடங்கின. சிறுதானிய விதை ஓரிரு பருவங்கள் விதைக்கப்படாமலும் சேமிக்கப்படாமலும் போனால், பிறகு எங்கே தேடுவது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் பணியாற்றி, ஊர்மக்களே நடத்தும் சமுதாய விதை வங்கிகளை அமைக்க உதவியது இதனால்தான். தேவைப்படுவோர் விதையைக் கடனாகப் பெற்று, விளைந்ததும் திருப்பித் தருகிறார்கள்.

புதுப் பயிருக்கு மாறுவது தவறன்று. விதையை எடுத்து வைக்காமல் மாறுவதே தவறு. கணினிக்கும் இதுதான் சட்டம்.

நாங்கள் செய்தது என்ன?

முதலில், குடும்பத்தார் அனைவரையும் உட்கார வைத்து, கணினியில் யாருடைய பொருள் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினோம். கணக்கு, குரல் பதிவு, திருமணப் படங்கள், பட்டா நகல், மகனின் சான்றிதழ் நகல் என்று பட்டியல் நீண்டது. தனியொருவர் எழுதியிருந்தால் பாதி விடுபட்டிருக்கும்.

இரண்டாவதாக, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டி டிரைவ் என ஒரு மூலை விடாமல் தேடி, எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்தோம். முக்கியமானவற்றைத் தனியே ஒரு பென்டிரைவிலும் இட்டு, அடிவாரத்திலுள்ள நண்பரின் சகோதரர் வீட்டில் கொடுத்து வைத்தோம். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு நகல்கள் ஒரே இடிக்கும் ஒரே வெள்ளத்திற்கும் இரையாகக் கூடும் அல்லவா?

மூன்றாவதாக, நகல்களை என் கணினியில் திறந்து பார்த்தோம். இங்கேதான் அதிர்ச்சி காத்திருந்தது! கணக்கில் எண்கள் சரியாக இருந்தன. விவசாயிகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்திலோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நின்றன. காரணம், நண்பர் 'பாமினி' என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அவ்வகை எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலமே தெரியும். யூனிகோடு முறையில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு அதனை ஏற்று ஆணையிட்டது. பழைய கணினியின் 'ஃபான்ட்ஸ்' பகுதியிலிருந்து பாமினி எழுத்துருவை எடுத்துப் பொருத்தியதும் பெயர்கள் உயிர்பெற்றன. பின்னர், இலவசமாகக் கிடைக்கும் மாற்றியைக் கொண்டு மகளே அத்தனை பெயர்களையும் யூனிகோடுக்கு மாற்றினாள். பழைய கணினியைக் கடையில் கொடுத்திருந்தால் அந்த எழுத்துருவும் போயிருக்கும்!

அந்தப் பெயர்கள் சாதாரணமானவை அல்ல. மலைவாழ் எளிய மக்களுக்கும் நண்பருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அவை. கடனை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று பணிக்கும் மார்க்கம் நம்முடையது. அந்த எழுத்தைக் காப்பதும் அமானிதமே. ஏடு தொலைந்துவிட்டது என்று சொல்லி எவருடைய உரிமையும் குறைந்துவிடக் கூடாது.

எதை வாங்குவது?

கல்லூரிப் படிப்புக்கு எட்டு ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி.க்குக் குறையாத எஸ்.எஸ்.டி. போதுமானவை. மிகக் குறைந்த விலையில் வரும் சிலவற்றில் எஸ்.எஸ்.டி.க்குப் பதிலாக 64 ஜி.பி. 'ஈ.எம்.எம்.சி.' சேமிப்பே இருக்கும். இயங்குதளமே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், கவனம் தேவை. மலையில் இருப்போர் பேட்டரி தாங்கும் நேரத்திற்கு முதலிடம் கொடுக்க வேண்டும். பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் வாங்குமுன்னரே கேளுங்கள். எழுபது வளைவுகள் இறங்கி ஏறுவது எளிதா?

பயன்படுத்திய கணினி வாங்குவோர், அது விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்தே பணம் கொடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கல்லூரி மாணவர்கள் இருபது இலட்சம் பேருக்கு ஈராண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை அறிவித்தது. உங்கள் பிள்ளைக்கு அது கிடைக்குமா என்பதைக் கல்லூரியில் விசாரித்த பின் கடைக்குச் செல்வது நலம்.

பழையது என்னாவது?

அழித்தல் என்ற கட்டளை கோப்பின் முகவரியைத்தான் நீக்கும். கோப்பை உடனே நீக்காது. தெரிந்தவர்கள் அதனை மீட்டெடுத்துவிடுவார்கள். ஆகவே கணினியைப் பிறருக்குக் கொடுப்பதானால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சிறு உறையொன்றில் போட்டால் அதுவே வெளி ஹார்டு டிஸ்காகப் பயன்படும். செத்த பேட்டரியைக் குப்பையில் எறிவதோ எரிப்பதோ கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவுகளைப் பெறும் அங்கீகாரம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகள், அவற்றை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியுள்ளன.

நண்பர் கடைக்காரரின் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை வேண்டாமென்று விட்டுவிட்டார். பழைய கணினி இணையத்தொடர்பு இல்லாமல், மிளகுக் கடையில் எடையும் கணக்கும் எழுத மட்டும் பயன்படுகிறது.

புதிய கணினி வந்த அன்று, மகள் முதலில் திறந்தது பாடத்தை அல்ல. "அத்தா, கேளுங்கள்" என்று நன்னியின் குரலை ஒலிக்கவிட்டாள். வீட்டில் யாரும் பேசவில்லை. அந்தக் குரல் முடியும்வரை நண்பர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

வாசகர்களே! உங்கள் வீட்டு அலமாரியின் மேலிருக்கும் பழைய கணினியை இந்த வாரமே இறக்கித் தூசு தட்டித் திறந்து பாருங்கள். அது இயங்கும்போதே உள்ளிருப்பதை எடுத்து வையுங்கள். பிறகு புதியது வாங்குங்கள்!