உறைவிடமும் உளநலமும்: மனநோயோடு வாடகை வீடு தேடுவோர் அறிய வேண்டியவை

மனநோய்க்கான சிகிச்சை என்றவுடன் மருந்தும் மனநல ஆலோசனையுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த மருந்தை வேளை தவறாமல் உட்கொள்ளவும், இரவில் அச்சமின்றி உறங்கவும், மருத்துவமனை குறித்துக் கொடுத்த அடுத்த சந்திப்பு நாளைத் தவறவிடாமல் இருக்கவும் ஒருவருக்கு நிலையான இருப்பிடம் வேண்டும் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. பத்துமலை, செலாயாங், செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் என மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் வாடகை வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். உரிமையாளர் வீட்டை விற்றுவிடுதல், வாடகை உயர்தல், குடும்பத்தில் பிணக்கு ஏற்படுதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தாலும் புதிய வீடு தேட வேண்டியதாகிறது. மனநோயோடு வாழ்பவர் இருக்கும் குடும்பத்தில், வீடு தேடுவதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொண்டு, மருத்துவரும் குடும்பத்தாரும் நோயரோடு சேர்ந்து முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தாகும்.

அரிதான நோயன்று

மலேசியாவின் தேசிய உடல்நல, நோயுறுநிலை ஆய்வு 2015ஆம் ஆண்டில், 16 வயது நிரம்பியோரில் 29.2 விழுக்காட்டினரிடம் மனநலப் பாதிப்புக்கான அறிகுறிகள் இருப்பதாகக் கண்டறிந்தது. அதே ஆய்வு வரிசையில் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு நோய், 2023இல் 4.6 விழுக்காடாக இருமடங்கானது. மனச்சோர்வு என்பது, இரண்டு வாரங்களுக்கும் மேலாக நீடிக்கும் துயரமும் ஆர்வமின்மையும் அன்றாட வாழ்வையே முடக்கும் நிலையாகும். மனநிலை ஒருகாலத்தில் அளவுமீறி எழுச்சியுற்று, மற்றொரு காலத்தில் ஆழ்ந்த சோர்வில் வீழ்வது இருதுருவ மனநிலைக் கோளாறு எனப்படும். இல்லாத குரல்கள் கேட்பதும், பிறர் தமக்குத் தீங்கு செய்கிறார்கள் என்ற ஆதாரமற்ற நம்பிக்கை வேரூன்றுவதும் மனச்சிதைவு நோயின் முக்கிய அறிகுறிகளாகும். இவை மூன்றும் மருத்துவத்தால் கட்டுக்குள் கொண்டுவரத்தக்கவை.

இடமாற்றம் மனத்தை ஏன் உலுக்குகிறது?

1967இல் ஹோம்ஸ், ராஹே என்னும் இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகள் 43ஐ அவை தரும் மன அழுத்தத்தின் அளவைக் கொண்டு வரிசைப்படுத்தியபோது, வீடு மாறுதலுக்கும் அதில் 20 அலகுகள் அளித்தனர். வீட்டு மாற்றத்தோடு வேலையிழப்போ மணமுறிவோ கடனோ சேர்ந்துவிடுமானால் சுமை பன்மடங்காகிறது. நோயின் தன்மைக்கேற்ப அச்சுமை வெவ்வேறு வடிவம் எடுக்கிறது. மனச்சோர்வுடையவர் முகவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்வதற்கே வலுவின்றி நாள்களைக் கடத்தி, நல்ல வீடுகளைத் தவறவிடக்கூடும். மனவெழுச்சி நிலையில் இருப்பவர், தம் வருமானத்திற்கு எட்டாத வீட்டிற்கு அன்றே முன்பணம் கட்டிவிடக்கூடும். உறக்கம் கெடுவதே மனவெழுச்சியைத் தூண்டும் முதன்மைக் காரணிகளில் ஒன்று என்பதால், பொருள்களை மூட்டைகட்டி விடியவிடிய விழித்திருக்கும் இரவுகள் இருதுருவக் கோளாறு உடையவர்க்கு உண்மையான ஆபத்தாகும்.

தேடத் தொடங்குமுன்

நோய் தீவிரமாக இருக்கும் நாள்களில் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதைத் தள்ளிப்போடுவது நல்லது. ஒப்பந்தம் செய்பவர் அதன் பொருளைப் புரிந்து, தமக்கு நேரும் விளைவைச் சீர்தூக்கிப் பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. பெரும்பாலும் மனநிலை பாதிக்கப்பட்டிருப்பவரும் தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அதே சட்டம் ஏற்பதால், மனநோயர் என்ற ஒரே காரணத்தால் எவரும் வாடகை ஒப்பந்தம் செய்யும் தகுதியை இழந்துவிடுவதில்லை.

வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக்கொள்வது பெரிதும் உதவும். ஒரு நாளில் தொலைபேசி அழைப்புகளை மட்டும் முடிப்பது, மறுநாள் இரண்டு வீடுகளுக்கு மிகாமல் பார்ப்பது, பார்த்த வீட்டைப் பற்றி அன்றே முடிவு சொல்லாமல் ஓர் இரவு உறங்கி எழுந்து முடிவெடுப்பது ஆகியவை எளிய ஆனால் பயனுள்ள விதிகள். அண்ணன், அக்காள், நெருங்கிய நண்பர் என நம்பிக்கைக்குரிய ஒருவர் எப்போதும் உடன் செல்வது, அவசரத்தில் பணம் கட்டுவதையும் தயக்கத்தில் வாய்ப்பை இழப்பதையும் ஒருங்கே தடுக்கும்.

எத்தகைய வீடு, எந்த இடத்தில்?

வாடகை குறைவாக இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை பெறும் மருத்துவமனையை விட்டு வெகுதொலைவு செல்வோர், நாளடைவில் சிகிச்சையையே கைவிட்டுவிடுவது உண்டு. பத்துமலை வட்டாரத்தினர்க்குச் செலாயாங் மருத்துவமனையும், கிள்ளான் வட்டாரத்தினர்க்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் மனநலப் பிரிவு கொண்ட அருகமை அரசு மருத்துவமனைகள். பத்துமலையிலிருந்து புறப்படும் கே.டி.எம். கொமுட்டர் ரயில் செந்தூல் வழியாகப் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலை நேராக அடைவதால், வண்டி ஓட்ட இயலாதவரும் மருந்தின் அயர்வால் ஓட்டக் கூடாதவரும் நிலையத்திற்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு பார்ப்பது அறிவுடைமை. மருத்துவமனையை மாற்றியே ஆக வேண்டிய நிலையில், பழைய மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுப் புதிய மருத்துவமனையில் சந்திப்பு நாள் குறித்த பின்னரே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பார்ப்பது அவசியம். படுக்கையறைச் சன்னல் நெடுஞ்சாலையை நோக்கியிருக்கிறதா, மேல்மாடி நடமாட்டம் காதில் விழுகிறதா, பகலில் வெளிச்சமும் காற்றும் வருகின்றனவா, மின்தூக்கி ஒழுங்காக இயங்குகிறதா என்பவை பிறர்க்குச் சிறு வசதிகளாகத் தோன்றினாலும், உறக்கத்தையும் அச்சமின்மையையும் சார்ந்து நலம்பெறும் ஒருவர்க்கு அவை மருத்துவக் காரணங்களாகும். பத்துமலைக் கோயிலை ஒட்டிய பகுதியில் குடியேறுவோர், தைப்பூசக் காலத்தில் இரவு பகல் ஓயாத கூட்டத்தையும் ஒலியையும் முன்கூட்டியே கருதி, அந்நாள்களில் உறவினர் வீட்டில் தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பணமும் ஒப்பந்தமும்

மலேசிய வழக்கப்படி, இரண்டு மாத வாடகை பாதுகாப்பு முன்பணமாகவும், அரை மாத வாடகை நீர், மின்சாரத்திற்கான முன்பணமாகவும், முதல் மாத வாடகை முன்கூட்டியும் கேட்கப்படுகின்றன. மாத வாடகை 1,000 வெள்ளி என்றால், வீட்டுச் சாவி கைக்கு வருமுன் 3,500 வெள்ளி தேவை. இத்தொகை எட்டாதவர்கள், மாதம் 124 வெள்ளி வாடகையுள்ள மக்கள் வீடமைப்புத் திட்டமான பி.பி.ஆர். வீடுகளுக்கும், சிலாங்கூரில் ஸ்மார்ட் சேவா என்னும் வாடகை வீட்டுத் திட்டத்திற்கும் தகுதி உண்டா என்று விசாரிக்கலாம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநலக் குறைபாட்டையும் உள்ளடக்குவதால், நீண்டகாலத் தீவிர மனநோய் உடையவர் மனநல மருத்துவரின் சான்றோடு சமூகநலத் துறையில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டையான ஓ.கே.யு. அட்டை பெற விண்ணப்பிக்கலாம்.

வீட்டைப் பார்க்குமுன் பணம் அனுப்பச் சொல்பவரை நம்பலாகாது. முறையான முகவரிடம் பதிவு எண் கொண்ட அடையாள அட்டை இருக்கும். மோசடிக்கு ஆளானவர் தாமதமின்றி மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதும், அதற்கு முத்திரை வரி செலுத்தப்பட்டிருப்பதும், பின்னாளில் வழக்கு எழுந்தால் அது நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படுவதற்கு இன்றியமையாதவை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் குடியிருப்பவரை நீதிமன்ற நடவடிக்கையின்றி உரிமையாளர் தாமாகவே வெளியேற்றக் கூடாது என 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு விதிப்பதால், நள்ளிரவில் பூட்டை மாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் வாழ்பவர்க்கு இது ஒரு காப்பாகும். திருப்பித் தரப்படாத முன்பணம் 5,000 வெள்ளிக்கு மிகாதிருந்தால், வழக்கறிஞரின்றியே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் மனுச் செய்யலாம்.

நோயைச் சொல்ல வேண்டுமா?

வீடு வாடகைக்கு எடுப்பவர் தம் நோயை உரிமையாளரிடம் அறிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. இந்தியர்க்கு வீடு இல்லை என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்யப்படும் சூழலில், இனத்தின் பெயரால் ஏற்கெனவே கதவடைக்கப்படும் தமிழர் நோயின் பெயராலும் மறுக்கப்படுவோமோ என்று அஞ்சுவது இயல்பே. வாடகையை ஒழுங்காகச் செலுத்த முடியும் என்பதை ஊதியச் சீட்டாலும் பழைய உரிமையாளரின் நற்சொல்லாலும் காட்டினால் போதும். ஆயினும் உடன் தங்குவோர் ஒருவரேனும் நோயின் எச்சரிக்கை அறிகுறிகளையும் அவசரத்தில் அழைக்க வேண்டியவரையும் அறிந்திருப்பது நோயருக்கே பாதுகாப்பு.

குடிமாறும் வாரத்தில் மருந்து

மருந்துப் பட்டைகள், மருந்துச் சீட்டு, சந்திப்பு அட்டை, அடையாள அட்டை ஆகியவற்றை லாரியில் ஏற்றும் பெட்டிகளில் வைக்காமல், நோயர் தம் தோளிலேயே சுமக்கும் சிறு பையில் தனியே வைக்க வேண்டும். இதற்குத் தக்க காரணம் உண்டு. கடினமான மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் குளோசபின் மருந்து 48 மணி நேரத்திற்கு மேல் தவறிவிட்டால், பழைய அளவை உடனே விழுங்கக் கூடாது; மருத்துவரின் மேற்பார்வையில் மிகக் குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். மனச்சோர்வு மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உறக்கக்கேடு ஆகியவை தோன்றக்கூடும்.

இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் உட்கொள்பவர் வெயிலில் பொருள் தூக்கி வியர்த்து உடலின் நீரை இழந்தால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடி நஞ்சாக மாறலாம். முதுகுவலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகளும் அந்த அளவைக் கூட்டுபவை. கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழறிய பேச்சு ஆகியவை தென்பட்டால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

தொடர்ந்து சில இரவுகள் உறக்கமின்மை, உணவில் நாட்டமின்மை, புதிய அண்டை வீட்டார் மீது காரணமற்ற ஐயம், பெட்டிகளை வாரக்கணக்கில் பிரிக்காமலே படுத்திருத்தல் ஆகியவற்றை வெறும் களைப்பு என்று ஒதுக்காமல், சந்திப்பு நாளுக்குக் காத்திராது மருத்துவரை அணுக வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற எண்ணில் செவிமடுக்கிறது. குடும்ப வன்முறையாலோ ஆதரவின்மையாலோ இருப்பிடம் இழந்தோர் 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், உதவி கேட்பவர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஊரின் கடமை

1911இல் பேராக்கில் மனநல மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தானின் பெயர், இன்றளவும் மலேசியத் தமிழரின் பேச்சில் ஏளனச் சொல்லாகவே வழங்குகிறது. ஊருக்கு வெளியே நெடுங்காலம் ஒதுக்கி வைப்பதே மனநோய்க்கு வழி என்றிருந்த காலத்தின் எச்சம் அது. அதற்கு மாறான வழியைச் சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு காட்டியிருக்கிறது. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்களைச் சிலர் சிலராகச் சேர்த்து, சாதாரணத் தெருக்களில் எடுத்த வாடகை வீடுகளில் துணைப்பணியாளரோடு குடியமர்த்தும் அதன் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தை, உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டியில் முன்மாதிரிகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டியது. அங்கே அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அண்டை வீட்டாரோடு பேசுகிறார்கள். அந்த அன்றாடமே அவர்களுக்கு மருந்தோடு சேர்ந்த மருத்துவமாகிறது.

வாடகைக்கு விட ஓர் அறையேனும் உடைய ஒவ்வொருவரும், கோயில் நிருவாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இதில் பங்கு கொள்ள முடியும். வாடகை தவறாமல் வருகிறதா, வீடு பேணப்படுகிறதா என்று கேட்பது உரிமையாளரின் நியாயம்; அதற்கு மேல் நோயின் பெயரைக் கேட்டுக் கதவை மூடுவது, நலம்பெற்று வரும் ஒருவரை மீண்டும் மருத்துவமனைக்குத் தள்ளுவதற்கு ஒப்பாகும்.