பதினான்கு நிமிடச் சலிப்பு

"ஃபோனைக் கையில குடுத்தா ரெண்டு மணி நேரம் அசையறதே இல்லீங்க. இவனுக்குப் போயி கவனம் இல்லைன்னா எப்படீங்க?"

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்ற பெயரைக் கேட்டதும் கொங்குப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஃபோன் விளையாட்டு நொடிக்கு நொடி ஏதாவது ஒரு பரிசைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிய உதவும் கணினிக் கவனச் சோதனை எதையும் கொடுக்காது. பரவலாகப் புழங்கும் கானர்ஸ் சோதனையில் 360 முறை ஆங்கில எழுத்துகள் திரையில் வந்து மறையும். எக்ஸ் தவிர எது வந்தாலும் பட்டனை அழுத்த வேண்டும். எழுத்து நிற்பது கால் நொடிதான். அடுத்தது ஒரு நொடியிலும் வரலாம், நான்கு நொடி கழித்தும் வரலாம். 14 நிமிடம் இப்படியே ஓடும். சலிப்பூட்டவென்றே செய்த சோதனை இது.

அழுத்த மறந்தால் கவனம் நழுவியது, எக்ஸுக்கும் அழுத்தினால் அவசரப்பட்டது என்று கணக்கு. இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேகத்தின் ஏற்ற இறக்கம். ஏ.டி.எச்.டி. உள்ள பல குழந்தைகள் ஒரு தடவை சட்டென்று அழுத்துவார்கள், அடுத்த தடவை தாமதிப்பார்கள். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் வரும் இந்த வித்தியாசம் எந்த ஆசிரியர் கண்ணிலும் படாது. இதே வகையைச் சேர்ந்த கியூபி டெஸ்ட் என்ற இன்னொரு சோதனையில் கேமரா தலையசைவையும் அளக்கும்.

இந்த வகைச் சோதனை 1956இல் அமெரிக்காவில் மூளைப் பாதிப்பைக் கண்டறிய உருவானது. அப்போது ஏ.டி.எச்.டி. என்ற பெயரே கிடையாது. ஏ.டி.எச்.டி. இல்லாமலே, ராத்திரி சரியாகத் தூங்காத குழந்தையும், பயந்துபோன குழந்தையும் இதில் தடுமாறலாம். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தையே புது அறை, பக்கத்தில் டாக்டர் என்ற உற்சாகத்தில் நன்றாகச் செய்துவிடுவதும் உண்டு.

கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளின் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. 11.32 சதவீதம் பேரிடம் ஏ.டி.எச்.டி. இருப்பதாக அது சொன்னது. அதற்குக் கருவி, அதே கானர்ஸ் வகுத்த கேள்வித்தாள். நிரப்பியவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களும். ஏனென்றால், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்பது மருத்துவ விதி. அமைதியான அறையில் நடக்கும் 14 நிமிடச் சோதனைக்குக் குழந்தையின் வகுப்பறை தெரியாது. 2024இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 6 முதல் 17 வயதினருக்கு கியூபி டெஸ்டைப் பரிந்துரைத்தபோதும், மருத்துவர் பரிசோதனையோடு சேர்த்துத்தான் என்றது.

சோதனை ரிப்போர்ட்டை மட்டும் வைத்து டாக்டர் முடிவு சொன்னால், "கிளாஸ் டீச்சர்கிட்டக் கேட்டீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ரிப்போர்ட் நன்றாக இருந்து, டீச்சர் மட்டும் கவலைப்பட்டாலும் இதே கேள்விதான்.