வேலியோரம் சிரிக்கும் செங்காந்தள்... கிழங்கைத் தொட்டா உஷார்!

நெம்மேலி:

மழை பிடிச்சா போதும், கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஊர்களில் முள்வேலி மேல ஒரு பூ தீ மாதிரி எரியும். அதுதான் செங்காந்தள். நம்ம தமிழ்நாட்டின் மாநிலப் பூ. கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். பார்க்க அழகு. ஆனால் உடம்பு பூராவும் விஷம்!

அடையாளம் என்ன?

முதலில் இலையைப் பாருங்கள். மூங்கில் இலை போல நீளமாக இருக்கும். அதன் நுனி சுருண்டு, கம்பிச் சுருள் மாதிரி பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். கொடி மேலே ஏறுவது இப்படித்தான்.

பூவுக்கு ஆறு இதழ். ஓரம் நெளி நெளியாக இருக்கும். பூ கீழ்நோக்கித் தொங்கும், இதழ்களோ மேலே மடங்கி நிற்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் ரத்தச் சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே போகும்.

எங்கே வளரும்?

தண்ணீர் தேங்காத மணல், செம்மண்தான் இதற்குப் பிடிக்கும். கடலோர மணல்மேட்டுப் புதர், பனைமரத்தடி, முள்வேலி ஓரம் எல்லாம் இதன் சொந்த வீடு. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். மனை போட்டுப் புதரை வழித்து எடுத்தால், ஏறிப் பிடிக்க ஆதரவு இல்லாமல் கொடியும் போய்விடும்.

ஆபத்து எதில்?

மழைக்காலம் முடிந்ததும் கொடி காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். கோடையில் குழி தோண்டுகிறவர் கையில் கொடி, பூ எதுவும் இல்லாமல் வெறும் கிழங்குதான் சிக்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றால் அவ்வளவுதான். வேகவைத்தாலும் விஷம் போகாது!

கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கிளையாக இருந்தால் கிட்டவே போகாதீர்கள். சின்னக் கிழங்கு ஒத்தையாகவும் இருக்கும். அதனால் கொடியைப் பார்க்காத எந்தக் கிழங்கையும் வாயில் வைக்காமல் இருப்பதே நல்லது.

இதில் இருக்கும் விஷத்தின் பெயர் கோல்சிசின். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அது நின்றதும் 'சரியாயிடுச்சு' என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது. அடுத்த ஓரிரு நாளில் சிறுநீரகம், ரத்தம், இதயம் எல்லாம் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். பிழைத்தவர்களுக்கும் பிறகு தலைமுடி கொட்டும். உடனே 108-க்கு போன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

இதே கோல்சிசின், டாக்டர் அளந்து கொடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. இதன் விதைக்காகவே திருப்பூர் மாவட்டம் மூலனூர், திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயிகள் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக, வேலியில் பூத்தால் பார்த்து ரசியுங்கள். பிடுங்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்!