தாயக்கட்டத்தில் கொடுமணல்

பண்டைய நாகரிகத்தை விளையாட்டாகக் கற்பிக்கப் பள்ளிகளில் செய்யும் பலகைகள் பல, படம் மாற்றிய பரமபதம்தான். பதில் சரியென்றால் ஏணி, தப்பென்றால் பாம்பு. அங்கே ஆடுவது மனப்பாடம். வரலாறு விளையாட்டின் விதிக்குள் இருக்க வேண்டும்.

மெசபடோமியாவின் ‘ஊர்’ என்ற பழைய நகரத்தின் கல்லறைகளில் 1920களில் தொல்லியலாளர் லியோனார்டு வூலி 20 கட்டப் பலகைகளைத் தோண்டியெடுத்தார். அந்த ஆட்டத்தின் பிற்கால விதிகள், கி.மு. 177ஆம் ஆண்டுக் களிமண் ஏடு ஒன்றை ஆய்வாளர் இர்விங் ஃபின்கெல் படித்த பிறகே புரிந்தன. நம் கீழடியிலும் தந்தப் பகடை கிடைத்தது. அதை வைத்து என்ன ஆடினார்களோ!

விதிக்குள் வரலாற்றை வைக்கச் சத்தியமங்கலம் பள்ளிப் பிள்ளைகள், உதாரணமாக, மெசபடோமியா போக வேண்டாம். அவர்களுடைய ஈரோடு மாவட்டத்திலேயே, சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கல்மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள். பெரில் கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வர வேண்டும். செய்த மணி பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறித் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறும். கப்பலோ பருவக்காற்றை நம்பியது.

இவற்றை விதியாக்கலாம். பெரிலுக்கு ஓர் உருட்டு போதும். சூதுபவளத்துக்கு நான்கு கட்டம் நடக்க வேண்டும். காற்று திரும்புமுன் முசிறி சேராத சரக்கு ஓராண்டு கிடக்கும்.

உருட்ட நம் தாயக்கட்டையே போதும். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 1, 2, 3, வெறுமை என நான்கு முகம். விழும் வழிகள் மொத்தம் 16. அதில் மூன்று விழ 4 வழி, தாயம் விழ 2 வழி, இரண்டும் வெறுமையாகிப் பன்னிரண்டு விழ ஒரே வழி. ஆகவே அன்றாட வண்டிப்பயணத்தை மூன்றில் வையுங்கள். எப்போதாவது வரும் ரோமானிய வணிகனின் பெரிய கொள்முதலைப் பன்னிரண்டில் வையுங்கள். மாற்றி வைத்தால் கொடுமணலில் தினமும் தங்கம் கொட்டும், வரலாறு பொய்யாகிவிடும். எட்டாம் வகுப்புக் கணக்கும் சமூக அறிவியலும் ஒரே மேசையில் உட்காருவது இப்படித்தான்.

மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அட்டையின் வண்ணத்துக்கு மயங்காதீர்கள். ஒவ்வொரு விதியையும் காட்டி, இதற்குச் சான்று எந்த அகழாய்வுக் குழியில் கிடைத்தது என்று கேளுங்கள். பதில் இல்லாத விதியைப் பிள்ளைகளே அடித்துவிட்டுத் திருத்தி எழுதட்டும்.