எண்ணெய் மிகுந்தாலும் இயந்திரத்துக்குக் கேடே

காரின் இயந்திரத்தில் எண்ணெய் குறைந்தால் பழுது நேரும் என்பதை நாம் அறிவோம். எண்ணெய் மிகுந்தாலும் பழுதே என்பதைப் பலர் உணர்வதில்லை.

எண்ணெய் அளவுகோலில் மேற்கோடு, கீழ்க்கோடு என இரண்டு குறிகள் உள்ளன. பெரும்பாலான கார்களில் இவற்றிற்கு இடையே கொள்ளும் எண்ணெய் சுமார் 1 லிட்டராகும். மேற்கோட்டை எண்ணெய் பெரிதும் தாண்டினால், சுழலும் கிராங்க் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். பம்பு அந்நுரையை இறைக்கும்போது அழுத்தம் குறைந்து பேரிங்குகள் தேயும். நீலப் புகையும் தோன்றலாம்.

சரிவான தோட்டச் சாலையில் அளவு பார்த்தல் ஆகாது. காரைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுகோலைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்தல் வேண்டும்.

எண்ணெய் மிகுந்திருப்பது உறுதியானால் காரை ஓட்டாதிருப்பதே நன்று. அளவுகோல் செல்லும் துளையில் மெல்லிய குழாயைச் செலுத்திக் கைப்பம்பினால் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுக்கலாம். இயலாதெனில், அடியிலுள்ள திருகைத் தளர்த்தி வடிக்கும் வேலையைப் பட்டறையாளரிடம் விடலாம். எடுத்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாது பட்டறையில் ஒப்படைப்போம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. நாம் ஊற்றாமலேயே அளவு உயர்ந்திருந்தால், எண்ணெயில் பெட்ரோலோ நீரோ கலந்திருக்கக்கூடும். பெட்ரோல் வாடை, பால்போன்ற நிறம் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது மிகுதியை மட்டும் வடித்துவிட்டு ஓட்டுவது, நோயை மறைத்துக்கொண்டு நடமாடுவதற்கு ஒப்பாகும். உடனே மெக்கானிக்கிடம் காட்டுவோம். பல மாதச் சம்பளத்தைச் சேமித்து வாங்கிய வண்டியைக் காப்போம்.