ஆற்றங்கரைக் கொடிகள் – 9: சாந்தில்லாச் சுவர்கள்

இத்தாலியின் வடக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி இருக்கிறது வால்தெல்லீனா பள்ளத்தாக்கு. அத்தா ஆறு இங்கே கிழக்கிலிருந்து மேற்காக ஓடி, கோமோ ஏரியில் கலக்கிறது. அந்தத் திசைதான் இந்த ஊரின் அதிர்ஷ்டம். வடகரைச் சரிவு முழுக்கத் தெற்கு வெயிலைப் பார்த்தபடி நிற்கிறது. முதுகுப் பக்கம் ஆல்ப்ஸ் குளிர்காற்றை மறித்துக்கொள்கிறது. பிற்பகலில் ஏரியிலிருந்து 'பிரேவா' காற்று வந்து திராட்சை இலைகளின் ஈரத்தை உலர்த்திவிட்டுப் போகும். எதிர்க்கரையில் வெயில் குறைவு. அங்கே பெரும்பாலும் காடுதான்.

வெயில் சரி, மண்? சரிவெல்லாம் பாறை. அதனால் தலைமுறை தலைமுறையாகக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் கீழிருந்து மண் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். இன்று திராட்சை நிலம் ஆயிரம் ஹெக்டேர்கூடத் தேறாது. அதைத் தாங்கும் சுவர்களின் நீளமோ சுமார் 2,500 கி.மீ. சென்னையிலிருந்து டெல்லிக்குச் சாலையில் போகும் தூரத்தைவிட அதிகம்!

சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் கெட்டிக்காரத்தனம் புரியும். சாந்து கிடையாது. அடியில் பெரிய கல், மலைப்பக்கம் லேசான சாய்வு, ஒரு வரிசையின் இடுக்கு மேல் வரிசைக் கல்லின் நடுவில் வருகிற மாதிரி அடுக்கு. பின்புறம் சில்லுக்கல் நிரப்பு. மழைநீர் அந்த இடுக்குகள் வழியே வடிந்துவிடும். சிமென்ட் பூசி அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கி, சுவரை வயிறு தள்ள வைத்துச் சாய்த்துவிடும். பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் கொடிகளுக்குத் தருவதும் இந்தக் கற்கள்தான். 2018இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. அப்போது இத்தாலியோடு இன்னும் ஏழு நாடுகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

இங்கே விளைவது நெபியோலோ. பரோலோ ஒயினுக்குப் பேர் வாங்கித் தந்த அதே திராட்சை. உள்ளூரில் கியாவென்னாஸ்கா என்பார்கள். சஸ்ஸெல்லா, க்ருமெல்லோ, இன்ஃபெர்னோ என்று சரிவுக்குச் சரிவு பெயர் உண்டு. இன்ஃபெர்னோ என்றால் நரகம். கோடையில் அங்கே கொடி கட்டப் போகிறவர் மறுக்க மாட்டார். 'ஸ்ஃபோர்சாத்தோ' தனி ரக ஒயின். பறித்த குலைகளைக் காற்றோட்டமான பரண்களில் வாடவிட்டு, டிசம்பர் பிறந்த பிறகே பிழிவார்கள். சட்டப்படி குறைந்தது 14 சதவீத ஆல்கஹால்.

1512 முதல் 1797 வரை பள்ளத்தாக்கு இன்றைய சுவிஸின் கிரிசோன்காரர்கள் கையில் இருந்தது. ஒயினும் கோவேறு கழுதைகளில் ஏறி மலைகடந்து வடக்கே போனது. இப்போது போவது ஆட்கள். எல்லை தாண்டினால் சுவிஸ் சம்பளம். இங்கேயோ ஒரு ஹெக்டேருக்கு வருஷத்தில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கைவேலை. டிராக்டர் ஏறாது. பங்கு பிரிந்து பிரிந்து நிலமும் துண்டு துண்டாகிவிட்டது. கவனிப்பாரற்ற மேல்படிகளில் மரம் முளைக்கிறது, வேர் கல்லை நெம்புகிறது. மேலே ஒரு சுவர் சரிந்தால் கீழே இருப்பவற்றுக்கும் ஆபத்து.

யுனெஸ்கோ பட்டம் சுவர் கட்ட வராது. பாட்டில் விலையில் கல் அடுக்குகிறவர் கூலியும் சேர்ந்தால்தான் இந்தத் தோட்டங்கள் நிற்கும் என்பது என் கட்சி.

அடுத்த வாரம் சுவிஸின் வலே மாநிலம்: பனியாற்று நீரை மலை விளிம்பு வழியே கொண்டுவரும் வாய்க்கால்கள்.

(தொடரும்)